இறால் கொட்டகையில் பாடு

எண்பத்திரண்டாம் வருஷத்துக் கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வரவில்லை, இறாலும் வரவில்லை. பழவேற்காட்டில் கௌஸ் மைதீனின் இறால் கொட்டகையில் பாதிப் பெண்கள் வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இறால் உரிக்க வந்தவர்கள் ஊர்க்கதையை உரித்துக்கொண்டிருந்தால் எந்த முதலாளிக்குத்தான் தூக்கம் வரும்?

கௌஸ் மைதீன் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் வேலை சுலபம். நாளையிலிருந்து வராதே என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். அவரோ முறைப்படி செய்ய வேண்டும் என்று பொன்னேரிக்கு பஸ் ஏறி, மூர்த்தி வக்கீலின் வாசலில் போய் நின்றார்.

"வருஷம் பூரா விடாம வேலை பார்த்தவங்கள நினைச்ச மாத்திரத்துல அனுப்ப முடியாது பாய்" என்றார் வக்கீல். "முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கணும், நஷ்டஈடு கொடுக்கணும். ஆள் குறைக்கிறதுன்னா கடைசியா சேர்ந்தவங்கதான் முதல்ல போகணும்."

கடைசியாகச் சேர்ந்தவள் ரோசி. புருஷன் இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கிறான். கௌஸ் மைதீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேற வழி இல்லீங்களா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு இருக்கு. அவங்களே முறை வச்சுக்கிட்டு, தோணினப்ப வந்து போறாங்கன்னு ஆகட்டும். அப்போ யாருக்கும் தொடர்ச்சியா வேலை இருந்ததுன்னு சொல்ல முடியாது. நாளைக்கே நீங்க கொட்டகைய மூடினாலும் ஒருத்தருக்கும் ஒண்ணும் கிடையாதுன்னு நான் வாதாடிக்குவேன். ஆனா அது அவங்க வாயால வரணும். நீங்க சொன்னதா இருக்கக்கூடாது."

"அது ஞாயம் இல்லீங்களே."

"ஞாயம் கேக்கணும்னா பள்ளிவாசலுக்குப் போயிருக்கணும். என்கிட்ட சட்டம்தான் கேட்டீங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் கௌஸ் மைதீன் வக்கீலை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தார். மறுநாள் பெண்களைக் கூட்டி, ரோசியையும் அவளுக்கு முன்னால் சேர்ந்த சிலரையும் நிறுத்தப் போவதாக, தரையைப் பார்த்தபடி சொன்னார். ரோசி அழவில்லை. கையில் ஒட்டியிருந்த இறால் ஓட்டுத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆரோக்கியமேரி வந்தாள். லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. கொட்டகைக்குக் கீற்று வேய்ந்த நாளிலிருந்து இருப்பவள்; பெண்களெல்லாம் அவள் பேச்சைக் கேட்பார்கள்.

"பாய், நாங்கோ ஒண்ணு பேசினோம். யாரையும் நிறுத்தாதீங்க. பாடு வச்சுக்கறோம்."

ஏரியில் நல்ல இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். அதனால் குப்பத்து ஆண்கள் முறை வைத்து வலை போடுவார்கள். அதற்குப் பாடு என்று பேர். ஒருவன் காய்ச்சலில் கிடந்தாலும், வீட்டில் சாவு விழுந்தாலும் அவன் பாடு அவனுக்குத்தான். வேறு எவனும் தொடமாட்டான்.

"இன்னிக்குப் பாதிப்பேரு, நாளைக்கு மீதிப்பேரு. நானும்தான். இருக்கறத எல்லாரும் பிச்சித் தின்னுக்கறோம். இன்னா சொல்றீங்க?"

வக்கீல் கேட்டது அவள் வாயாலேயே வந்து நின்றது. கௌஸ் மைதீனுக்கு அது புரிந்தது. வேண்டாம் மேரிம்மா, இத்தனை வருஷத்து உரிமையை நீயே உன் கையால் அழித்துக்கொள்கிறாய் என்று சொல்லிவிட ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை அவர் விடவில்லை. ரோசியும் பிழைப்பாள், நானும் பிழைப்பேன், முகத்துவாரம் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"உங்க இஷ்டம்" என்றார். அந்த வார்த்தையைக்கூட வக்கீலுக்குப் பிடிக்கும்படிதான் பொறுக்கிப் போட்டார்.

பாடு ஒழுங்காக நடந்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பாயைப் போல முதலாளி உண்டா என்று குப்பமே பேசியது. மீன் கூடைக்காரிகள்கூட வழியில் நிறுத்தி, நீங்க நல்லா இருக்கணும் பாய் என்றார்கள். அவர் எங்கே போனாலும் அந்த வாழ்த்து பின்னாலேயே வந்தது. கடைத்தெருப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்து முகத்துவாரமும் திறந்தது. ஆனால் அதற்குள் கௌஸ் மைதீனுக்குக் கை வறண்டுவிட்டது. மெட்ராஸ்காரன் ஒருவன் கொட்டகையை விலைக்குக் கேட்டான். ஆட்களைத் தானே கொண்டுவருவானாம். இவர் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கொட்டகையைச் சாத்தினார்.

ஒரு வாரம் பொறுத்து ஆரோக்கியமேரி அவர் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் துளி சந்தேகம் இல்லை.

"எப்போ தொறக்கறீங்க பாய்? மூடினப்போ ரோசி பாடு. அவ பாடு அப்படியே நிக்குது. அவளத்தான் மொதல்ல கூப்பிடணும்."

கௌஸ் மைதீனால் அதற்கு மேல் மறைக்கமுடியவில்லை.

"பாடு இல்ல மேரிம்மா. கொட்டகைய வித்துட்டேன். அவங்க ஆளுங்கதான் வருவாங்க."

"எங்களுக்கு?"

"விடாம வேலைக்கு வந்திருந்தா ஏதாச்சும் கேக்கலாம். முறை வச்சு வந்ததால அதுவும் கேக்கமுடியாதுன்னு வக்கீல் சொல்றாரு."

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீ வந்து பாடு கேட்டதுக்கு முன்னாடியே."

தன்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அன்னிக்கே ரோசிய அனுப்பியிருந்தா, அவளும் இன்னும் சிலபேரும் மட்டும்தான் போயிருப்பாங்க. மத்தவங்க உரிமை நின்னிருக்கும்" என்றாள் மெதுவாக. "அவள நாங்க எப்படியாச்சும் பாத்துக்கினிருப்போம்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தவள், படிக்குக் கீழே நின்று திரும்பினாள்.

"எந்திரிங்க பாய். குப்பத்துக்கு நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா ஒருத்தியும் நம்பமாட்டா. உங்கள அவ்வளோ நல்லவருன்னு நானே சொல்லி வச்சிருக்கேன்."