கால்மிதி

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி, முதுகுவலியெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? சரி, கதைக்கு வந்துவிடுகிறேன். இது ஆறிப்போனால் தொண்டையில் இறங்காது.

சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள் ஊசி. தையல்காரி, ஒல்லி, கீச்சுக்குரல்; பொழுதுபோக்காக ஹாம் ரேடியோவில் அவளோடு பேசுகிறவர்கள் வைத்த பெயர் அது. செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடந்து போகிற கொஞ்ச நேரத்துக்குள் அதன் வழியாக நாலு ஊர்க்காரர்களை நலம் விசாரித்துவிட வேண்டும். கேமரா ஸ்டாண்டில் நிறுத்திய ஆன்டெனாவை ஒரு கை அது போகிற பக்கமெல்லாம் திருப்பும், மறு கை அலைவரிசையைத் திருகும். பேசுகிற பித்தானை அமுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவாள்? பழைய மோட்டார் தையல் மிஷினின் கால்மிதியை ரேடியோவோடு இணைத்திருந்தாள். மிதித்தால் குரல் மேலே போகும், காலை எடுத்தால் நிற்கும். பேச ஒரு ரேடியோ, கேட்க ஒரு ரேடியோ. இரண்டையும் இடுப்பில் கட்டிக்கொள்ள முரட்டுத்துணியில் பை. காலரில் குட்டி மைக். காதில் ஹெட்போன், அது இல்லாவிட்டால் மேலே போய்த் திரும்புகிற தன் குரலே மறுபடி மைக்கில் புகுந்து ஊளையிடும்.

வினை ஆன்டெனாவில் இருந்தது. பிளாஸ்டிக் குழாயில் வரிசையாகப் பொருத்திய மஞ்சள் தகடுகள் எல்லாம் தச்சுவேலை பார்க்கும் அண்ணனின் இரும்பு அளவு டேப்பிலிருந்து வெட்டிய துண்டுகள். உள்பக்கத்தில் பாதியை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சுருளில் மாட்டி வைத்திருந்தாள். ஜன்னலும் அலமாரியும் அளக்கிறவனுக்குத் தெரியவா போகிறது? இன்றைக்கென்று அவனுக்கு நீள உத்தரம் அமைந்தது. டேப் பாதியில் நின்றுவிட, கூட இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவன் படியேறி வந்தது ஹெட்போனுக்குள் கேட்கவில்லை. டேப் பெட்டியைக் கைக்குள் இறுக்கி, அதோடு பிடரியில் குத்தினான்.

"என் டேப்ப வெட்டி ஆகாசத்துக்குக் குச்சி நட்டியாடி?"

"புதுசு வாங்கித் தரேண்ணா..."

"போன மானத்த எந்தக் கடையில வாங்குவ?"

அடுத்த குத்தில் உதடு கிழிந்தது. கையை ஊன்றி விழுந்தாள்; மணிக்கட்டு சுள்ளி போல ஒடிந்தது. விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். கீழேயிருந்து அம்மாவின் குரல் வழக்கம்போல ஏறி வந்தது.

"வெளிய கேக்கப்போவுது, வாய மூடுடி!"

இத்தனை வருஷமும் மூடித்தான் இருந்தாள். அடி விழும்போதெல்லாம் கிழிசல் துணியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். இன்றும் முனகலை விழுங்கப் போனவள், அந்த முனகலை ஹெட்போனுக்குள் கேட்டாள். மேலே போய்த் திரும்பி வந்திருந்தது. விழுந்தபோது குதிகால் மிதியின் மேல் பட்டு அழுத்தியிருக்கிறது.

காலை எடுத்தால் போதும், நின்றுவிடும். எடுக்கவில்லை. அழுத்தி மிதித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து அலறினாள்.

அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்ததில் ஹெட்போன் வயர் ரேடியோவிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று; சத்தம் வெளியே திறந்துகொண்டது.

"கொன்னு பொதைச்சிடுவேன்!"

இடுப்புப் பையிலிருந்து அதே குரல் "கொன்னு பொதைச்சிடுவேன்" என்றது. மறுபடியும் சொன்னது. பிறகு அது ஊளையாக நீண்டது. அண்ணனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

ஊசி இப்போது காலை எடுத்தாள். ஊளை அடங்கியது. இரைச்சலுக்குள்ளிருந்து எங்கோ ஒரு பெண் பேசினாள்.

"ஊசி, கேட்டுட்டோம். எல்லாரும் கேட்டுட்டோம். அடிக்கிறது யாரு? எந்த வீடு? சீக்கிரம் சொல்லும்மா, கோளு கீழ எறங்குது."

"வேணாம்மா தங்கச்சி," என்றான் அண்ணன். அவன் அவளை 'அம்மா' போட்டுப் பேசியதே இல்லை. உயர்த்திய கையிலிருந்த பெட்டியிலிருந்து மிச்ச டேப் நாக்குபோலத் தொங்கி ஆடியது.

இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. ஊசி ரத்தத்தைத் துப்பினாள். காலை நகர்த்தி, மிதியைத் தேடி, மேலே வைத்தாள்.

அந்தச் சாயங்காலம் உங்களில் யாராவது ரேடியோவைத் திறந்து வைத்திருந்தீர்களா? கடைசியாக உங்கள் காதில் விழுந்தது என்ன? எழுதுங்கள்.