நாட்டியக்காரியின் மணிக்கட்டும் நாற்பது பொட்டலங்களும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆம்பூருக்குப் போனது விஷம் தேடி. வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் ஆறாவது வாரம் ஒரு தொழிலதிபர் சாக வேண்டும். தோல் பதனிடும் ரசாயனம் எதையாவது அவருடைய காபியில் கலக்கலாம் என்று திட்டம். மே மாதம், பதினொரு மணி வெயில். விஷத்தை மறந்தேன். ‘பாவைக்கூடம்’ என்ற பலகை கண்ணில் பட்டது. தோல் பாவைகளுக்கான அருங்காட்சியகம். கட்டாயம் ஏசி இருக்கும் என்று உள்ளே பாய்ந்தேன்.

ஏசி இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஊழியர் ஒருவர் வந்தார். நாற்பது வயதுப் பெண், நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை: ஜாஸ்மின்.

“எடுத்துட்டோம் சார். பாவைங்களுக்குத் தேவப்படல. உங்களுக்குத்தான் தேவப்படுது. அதோ, அந்த ஜன்னலாண்ட நில்லுங்க, காத்து வரும்.”

ஜன்னலாண்ட நின்றேன். காற்று வந்தது. பின்னாலேயே கதையும் வந்தது.

2

தொடக்கம் அ: ‘நாட்டியக்காரி கண்ணாடிப் பெட்டிக்குள் பிணமாகக் கிட—’

(பொய். நாட்டியக்காரி ஒரு பாவை. அவளுடைய மணிக்கட்டில் அரை அங்குல வெடிப்பு, அவ்வளவுதான். முப்பது வருடப் பழக்கம், பிணம் இல்லாமல் எனக்குப் பேனா நகர மறுக்கிறது.)

தொடக்கம் ஆ: ‘நடுங்கும் விரல்களால் ஜாஸ்மின் பூட்டைத் தி—’

(விரல்கள் நடுங்கவில்லையாம். கேட்டுவிட்டேன்.)

தொடக்கம் இ, சும்மா நேராக: பாவைக்கூடத்தில் அறுபத்திரண்டு பாவைகள். அவற்றுக்காக இரவு பகலாக ஏசி ஓடியது. கரண்ட் போனால் முற்றத்தில் டீசல் ஜெனரேட்டர் உறுமி, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடத்திலேயே புகையைக் கக்கியது. அறக்கட்டளைத் தலைவி அஃப்ஸர் ஜஹான், ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியை, ஒரு நாள் அந்தப் புகைக்குள் நின்றுகொண்டு இதை நிறுத்தியே தீர்வது என்று முடிவெடுத்தார். பாவைக்குக் குளிர்ச்சி முக்கியமில்லை, ஈரப்பதம் ஏறி இறங்காமல் இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. செயலாளர் மதியழகன் ஒப்பவில்லை. ஏசி நின்றால் பாவை போச்சு என்பது அவர் கட்சி.

கடைசியில் ஒரு பந்தயம். நாட்டியக்காரியை மட்டும் ஏசி இல்லாத அறையில், இறுக மூடிய பெட்டிக்குள் வைப்பது. நவம்பரில் தொடங்கி ஒரு வருடம். அவள் பிழைத்தால் ஏசிக்கு விடை. பிழைக்காவிட்டால் புதிதாக இன்னும் இரண்டு ஏசி.

பிப்ரவரியில் மணிக்கட்டு வெடித்தது.

3

(இந்தப் பகுதியை அடித்துவிட்டேன். இதில் ஏசி கம்பெனி ஆள் ஒருவன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து சதி செய்தான். ஜாஸ்மின் படித்துவிட்டு, “இவன் எந்த ஊர்லேர்ந்து வரான் சார்?” என்றார். எனக்கும் தெரியவில்லை.)

4

என் சங்கடம் இதுதான். ஜாஸ்மின்தான் என் துப்பறிவாளர் என்று தீர்மானித்து நாலு பக்கம் எழுதியாகிவிட்டது. பதினொரு வருடம் ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். கண் கூர்மை, கை சுத்தம். வெடிப்பை முதலில் பார்த்ததும் அவர்தான். துப்பறிவாளரே குற்றவாளி என்றால் என் வாசகர்கள் கடிதம் போட்டுத் திட்டுவார்கள்.

ஆனால் நடந்தது அதுதான்.

பெட்டியைச் சுற்றி மூவரும் நின்றிருக்கிறார்கள். உள்ளே ஈரப்பதம் காட்டும் ஈரமானியின் முள் முப்பதில். ஐம்பத்தைந்தில் நிற்க வேண்டியது. ஏசி இல்லாத அறை காய்ந்துபோய்விட்டது, அதற்கு இதுவே சாட்சி என்று மதியழகன் வெற்றிக்களிப்பு ஏதுமில்லாமல்தான் சொன்னார். அவருக்கும் நாட்டியக்காரி மேல் பிரியம் உண்டு. புதிய ஏசிகளுக்கான கடிதத்தில் கையெழுத்துப் போட அஃப்ஸர் ஜஹான் பேனாவைத் திறந்துவிட்டார்.

“மேடம், ஒரு நிமிசம். அது அறையால இல்ல. என்னால.”

ஜாஸ்மின் பெட்டியைத் திறந்து, பாவைக்குப் பின்னால் விரித்திருந்த துணியைத் தூக்கினார். வரிசை வரிசையாக வெள்ளைப் பொட்டலங்கள். ஷூ வாங்கினால் டப்பாவுக்குள் கிடக்குமே, தின்னாதே என்று ஏழெட்டு மொழியில் அச்சடித்த, ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலம். அதேதான்.

“மழ சீசன்ல பூசணம் புடிச்சிடும்னு போட்டேன் மேடம். கம்பெனில ஒரு வாட்டி கன்டெய்னர் பூரா பூசணம் புடிச்சித் திரும்பி வந்துச்சி. அந்த பயம்.”

“எத்தினி போட்டே?”

“நாப்பது.”

“ஷூ டப்பாக்கு எத்தினி போடுவீங்க?”

“ஒண்ணு.”

“அப்ப இதுக்கு ஏன் நாப்பது?”

“இது ஷூ இல்லியே மேடம்.”*

* இந்த ஒரு வரிக்காகத்தான் தொழிலதிபரை அம்போவென்று விட்டுவிட்டு இந்தக் கதைக்கு வந்தேன். கூடவே ஒரு விளக்கம்: பாவை, ஷூத் தோல் போலப் பதனிட்டது இல்லை. ஆட்டுத்தோலைச் சுரண்டி, கண்ணாடி போலாகும்வரை காயவைத்து வண்ணம் தீட்டியது. ஷூவைக் காப்பாற்றும் வறட்சி அதை வெடிக்க வைக்கும். ஆம்பூரில் பேக்கிங் பார்த்த ஒருவர் மட்டுமே, அதுவும் பாசத்தோடு மட்டுமே, செய்யக்கூடிய தவறு.

அனுமதியின்றிப் பெட்டியைத் திறப்பவருக்கு வேலை கிடையாது. அது பாவைக்கூடத்தின் விதி. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் பொட்டலங்களை அன்று மாலையே எடுத்திருக்கலாம். ஏசி வந்திருக்கும். வேலையும் தங்கியிருக்கும்.

(இங்கே அவர் கண் கலங்கியதாக எழுதியிருந்தேன். “நான் எங்க சார் அழுதேன்? நீங்க வேற.” நீக்கப்பட்டது.)

5

மதியழகன் விதியைப் படித்துக் காட்டினார். அஃப்ஸர் ஜஹான் காதில் வாங்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவர், பேனாவை மூடினார்.

“அரே, ரெண்டு டன் ஏசி செய்யாத வேலைய இந்தப் பொட்டலம் செஞ்சிருக்கு. கரண்ட் இல்லாம முப்பதுக்கு இறக்கிட்டே. அம்பத்தஞ்சுல நிக்க வைப்பியா?”

நிற்க வைக்கலாம் என்றார் ஜாஸ்மின், ஒரு வினாடி யோசித்துவிட்டு. காய்ந்த பொட்டலம்தானே குடிக்கும்? ஏற்கெனவே அளவாகக் குடித்த பொட்டலமாக இருந்தால்?

இதுதான் இந்தக் கதையின் துப்பாக்கிச் சண்டை, வாசகரே. ஷூ கம்பெனிகளில் ஆர்டர் மாறிப்போனால் தூக்கி எறியும் பொட்டலங்களைத் தோழிகள் மூலம் சாக்குச் சாக்காகத் திரட்டினார். காற்றில் ஈரம் ஏறியிருந்த காலைகளில் நிழலில் பரப்பினார். மூடிய வாளிக்குள் ஈரமானியோடு போட்டு, முள் ஐம்பத்தைந்தில் அசையாமல் நின்ற பிறகே பெட்டிக்கு அனுப்பினார். வெளியே காய்ந்தால் பொட்டலம் ஈரத்தைத் தரும், நனைந்தால் வாங்கிக்கொள்ளும். கரண்டும் இல்லை, புகையும் இல்லை. பந்தயம் மறுபடி தொடங்கியது. ஜாஸ்மின் மேல் விசாரணை, பந்தயம் முடியும்வரை தள்ளிவைக்கப்பட்டது.

மே மாதம் வெளியே தார் உருகியது. முள் ஐம்பத்து நான்கு. நவம்பரில் பதினொரு நாள் விடாத மழை. முள் ஐம்பத்தாறு. மணிக்கட்டு வெடிப்பு ஒரு நூல்கூட நீளவில்லை. வருடம் முடிந்ததும் மற்ற அறுபத்தொரு பாவைகளும் அந்தப் பொட்டலங்களிடமே ஒப்படைக்கப்பட்டன.

ஏசியைக் கழற்ற வந்தவர் ரஃபி அகமது, பத்து வருடமாக அதைச் சர்வீஸ் செய்தவர். ஏணி மேலிருந்தே, “என் பொழப்புல கை வெச்சிட்டியேக்கா,” என்றார். ஜெனரேட்டரையும் நீதான் கழற்றப் போகிறாய், அதற்கும் கூலி உண்டு என்று ஜாஸ்மின் சொல்ல, ரஃபிக்கு முகம் மலர்ந்துவிட்டது. முற்றத்தில் ஜெனரேட்டர் நின்ற இடத்தில் இப்போது பிள்ளைகள் உட்கார்ந்து பாவை வரைகிறார்கள்.

ஏசியைக் கொலைகாரன் என்று எழுதியிருந்தேன். அதற்கும் திருத்தம் வந்தது: “அது பாவம் சார். சொன்ன வேலையச் செஞ்சிது. சொல்லாத வேலையச் செஞ்சது நான்தான்.”

6

முடிவு அ: ஜாஸ்மினை நீக்குகிறார்கள். (எனக்கு உருக்கமான கடைசிப் பக்கம் கிடைக்கும். அவருக்கு என்ன கிடைக்கும்? கிழித்தேன்.)

முடிவு ஆ: மேடை, மாலை, பொன்னாடை. (“பொன்னாட பாலியஸ்டர் சார். அதுவும் பிளாஸ்டிக்குதான்.” கிழித்தேன்.)

உள்ளபடி: தள்ளிவைத்த விசாரணை இந்த ஜூன் கூட்டத்தில். ஜாஸ்மினின் ஒப்பந்தமும் இந்த ஜூனோடு முடிகிறது. தீர்மானம் ஒன்றே: ஒப்பந்தத்தை நீட்டித்து, அறுபத்திரண்டு பெட்டிச் சாவிகளையும் அவர் கையிலேயே கொடுப்பது. ஓட்டு மூன்று.

அஃப்ஸர் ஜஹான் கை தூக்கிவிட்டார்.

மதியழகன் தூக்கவில்லை. அவரை வில்லனாக்க எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. “ஜெயிச்சது உண்ம. பூட்டத் தொறந்ததும் உண்மதானே? ஜெயிச்சாங்கன்னு ரூல விட்டுட்டா, நாளைக்குத் தோத்தவங்கள எந்த ரூல வெச்சிக் கேப்போம்?”

மூன்றாவது உறுப்பினருக்கு நான் பெயர் வைக்கவில்லை. முகம் வைக்கவில்லை. மறந்துபோய் இல்லை. அந்த நாற்காலி உங்களுக்கு. இரண்டு பேர் சொன்னதையும் கேட்டீர்கள். வெடித்த மணிக்கட்டும் தெரியும், அதை ஒப்புக்கொண்ட குரலும் தெரியும்.

ஜாஸ்மின் கதவருகே காத்து நிற்கவில்லை. பக்கத்து ஊர் நூலகத்திலிருந்து ஓலைச்சுவடிகளைக் காக்க வழி கேட்டு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக முள்ளைக் காட்டிக்கொண்டே போகிறார். அம்பத்தஞ்சி. அம்பத்தி நாலு. அம்பத்தஞ்சி. குரல் இங்கே வரை கேட்கிறது.

மதியழகன் உங்களைப் பார்க்கிறார். அஃப்ஸர் ஜஹானின் கை இன்னும் இறங்கவில்லை.

உங்கள் கை?