வீட்டுக்குத் தூரம்

கேரள எல்லையோரத்து வடகரப்பதியில் தங்கதுரையின் மனைவி யோகப்பிரியா தூரமாகி உட்கார்ந்திருந்த தகரக் கூரை அறை, உதிரம் நிற்காத எட்டாம் நாள் காலையில் இருந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றது. மறுநாள் இருபதடி. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டு பூசிக் கட்டிய அறை அது. தரையோடு பெயர்ந்து, அவளையும் பாயையும் சொம்பையும் சுமந்துகொண்டு மேற்கே போனது. உதிரம் கூடக் கூட நடையும் கூடியது. வழியிலிருந்த தென்னைகள் ஒதுங்கிக்கொண்டன.

மாமியார் முத்தாத்தாள் இதில் அதிசயம் ஒன்றும் காணவில்லை. தூரம் என்றால் தூரம்தானே என்றாள். உடம்புச் சூடு என்று இளநீர் கொடுத்தனுப்பினாள். முப்பத்தாறு வயதுக்காரிக்கு நிற்கிற வயசு என்றார்கள் பக்கத்துத் தோட்டத்தார். இருபதாம் நாள் கட்டி கட்டியாகப் போனது, நகம் வெளுத்தது. யோகப்பிரியா கணவனுக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எந்திரிச்சாக் கண்ணு இருட்டுதுங்க."

"தீட்டு நிக்கட்டும் புள்ள. புதுக் காருல சாமி படம் இருக்குதல்ல."

நிற்காததுதான் நோய் என்பது அந்த மனிதனின் மண்டையில் ஏறவில்லை. ஒரு தென்னையில் குரும்பை கொட்டினால் அன்றைக்கே மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகிறவன் அவன். சோற்றுத் தூக்கைப் பைக்கில் மாட்டிக்கொண்டு, அறை நாளுக்கு நாள் தள்ளிப்போகிறதே என்று அலுத்துக்கொண்டான். ஊர் மட்டும் என்ன வாழ்ந்தது? அறை சாலையைக் கடந்தபோது பஸ் நின்று வழிவிட்டது, ஒருவர்கூட இறங்கி உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

எழுபத்தோராம் நாள் அறை அரசு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. டாக்டர் டின்சி கதவைத் திறந்தார். பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு நாலரை. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஆள் இல்லை. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றி, உதிரத்தை நிறுத்த மாத்திரை கொடுத்து, ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் எலுமிச்சை அளவுக் கட்டி. சூடும் இல்லை, தோஷமும் இல்லை. அறுத்து எடுத்துச் சோதித்தார்கள், புற்று இல்லை. உதிரம் நின்றது. முதல் மாதமே கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டதற்கு, தகவல் தெரிந்து காரில் வந்திருந்த தங்கதுரை அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குணமாகி அறைக்குத் திரும்பியவளை அழைக்க அவன் அந்தக் காரிலேயே வந்தான்.

"தீட்டுப் போயிருச்சல்ல, ஊட்டுக்கு வா புள்ள."

"இப்ப உங்க ஊடுதானுங்க தூரம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறை அங்கேயே நிற்கிறது, கரண்டும் கொடுத்துவிட்டார்கள். எட்டாம் நாளும் உதிரம் நிற்காத பெண்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள், யோகப்பிரியா அவர்களை டாக்டரிடம் கூட்டிப்போகிறாள். தங்கதுரையின் வீடு அன்று முதல் நாளுக்குப் பத்தடி கிழக்கே போகிறது. போன வாரம், முத்தாத்தாள் உள்ளே இருக்கும்போதே, எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டது. ரேஷன் கார்டை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.