ஒரு நாளைக்கு ஒரு சொட்டு

இசக்கிப்பாண்டி யாரையும் வெறும் வாயால் நம்பிவிட மாட்டார். சூடம் வேண்டும். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, அம்மன் பேரைச் சொல்லிச் சத்தியம் செய்துவிட்டால் போதும், அதற்கப்புறம் ஒரு கேள்வி கேட்க மாட்டார். அதற்காகவே அவருடைய பிக்கப் வண்டியில், இன்ஷூரன்ஸ் காகிதத்துக்குப் பக்கத்தில், ஒரு சூட டப்பாவும் தீப்பெட்டியும் எப்போதும் கிடக்கும். மனுஷன் பொய் சொல்லுவான், சூடம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. தாராவியில் அந்தக் கட்சிக்குத் தலைவரும் அவர்தான், தொண்டரும் அவர்தான்.

பதினெட்டு வருஷம் ஊரான் வண்டியை ஓட்டியவர். சேட்டுகளிடம் "ஏ டிரைவர்" என்று பேர் வாங்கி, கேபினில் சுருண்டு படுத்துக் காலத்தைத் தள்ளியவர். இந்தப் பழைய பிக்கப்பை வாங்கி, நெற்றிப் பலகையில் "இசக்கியம்மன் துணை" என்று எழுதிய நாளிலிருந்துதான் அவர் "வண்டிக்கார அண்ணாச்சி" ஆனார். மாதுங்காவில் கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுக்கும் வைத்தீஸ்வரனுக்குப் பதினோரு வருஷமாக அண்டாவும் சாம்பாரும் ஏற்றிப் போவது இந்த வண்டிதான். வண்டி போனால் மறுபடியும் "ஏ டிரைவர்" என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு வந்த கெட்ட கனவெல்லாம் அது ஒன்றுதான்.

கார்த்திகை கடைசி முகூர்த்தத்தன்று அந்தக் கனவு சயான் மேம்பாலத்தில் எதிரே வந்து நின்றது. செம்பூரில் கல்யாணம். வண்டி நிறைய இட்லியும் பொங்கலும். பாலத்தில் ஏறும்போதே ரேடியேட்டர் குழாய் பிய்ந்து, முன்னால் ஆவி கிளம்பியது. நிறுத்தியிருக்க வேண்டும். காலை டிபன் தாமதமானால் சம்பந்தி வீட்டார் சண்டைக்கு வந்துவிடுவார்களே என்று மனுஷன் நிறுத்தவில்லை. மண்டப வாசலில் கடைசி அண்டாவை இறக்கிய பிறகுதான் இன்ஜின் ஒரு முனகு முனகிவிட்டு நின்றது. அதற்குப் பிறகு அது பேசவே இல்லை.

"பிளாக்கே பொளந்துட்டு அண்ணாச்சி," என்றான் தாராவி மெக்கானிக் சுரேந்திரன். "இது தேறாது. வேற இன்ஜின்தான்."

"போடு."

"போடலாம். ஆனா இதே டைப் நம்பர் வேணும். இந்த மாடல கம்பெனிக்காரன் நிறுத்திப் பல வருசம் ஆச்சு. பொறவு வந்ததெல்லாம் சென்சார் வண்டி. அத இதுல உக்கார வைக்கணும்னா வயர்ல இருந்து பம்பு வரைக்கும் மாத்தணும். மாத்துனாலும் ஆர்டிஓல பாஸ் ஆவாது."

வைத்தீஸ்வரன் நல்ல மனிதர். ஆனால் காண்டிராக்டர். "மார்கழி முழுக்க நேக்கு வண்டி வேண்டாம், பாண்டி," என்றார். "தை ரெண்டாம் தேதி பாண்டுப்ல கல்யாணம். அதுக்குள்ள ரெடி பண்ணிடு. இல்லேன்னா நான் வேற ஏற்பாடு பண்ணிப்பேன். கோச்சுக்கப்படாது."

ஆக, ஒரு மாதம் கிடைத்தது. சுரேந்திரன் கியர்பாக்ஸின் வாயில் ஓர் அட்டையை வைத்து அழுத்தி, போல்ட் ஓட்டைகளை அப்படியே படியெடுத்துக் கொடுத்தான். "எந்த இன்ஜினா இருந்தாலும் பின்னால இத வச்சுப் பாருங்க. எல்லா ஓட்டையும் ஒக்காந்தா வாங்குங்க. ஒண்ணு தள்ளி நின்னாலும் விட்டுட்டு வந்துருங்க." அந்த அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இசக்கிப்பாண்டி குர்லாவில் பங்கார் என்கிற காயலான் கடைச் சந்துகளில் பதினைந்து நாள் அலைந்தார். பழைய இரும்புக் குவியலுக்கு நடுவே குனிந்து அட்டையை வைப்பதும், உதட்டைப் பிதுக்குவதும், எழுந்து நடப்பதுமாகச் செருப்புத் தேய்ந்தது. ஓட்டை சரியாக இருந்தால் பம்பு இல்லை. பம்பு இருந்தால் நம்பரைச் சுரண்டி வைத்திருந்தான்கள். நாசமாய்ப் போகிறவன்கள்.

அப்போதுதான் நாகராஜிடமிருந்து போன் வந்தது. அவருக்கு அல்ல, அவர் மனைவி மாரீஸ்வரிக்கு.

நாகராஜ் அவருடைய கூடப்பிறந்த தம்பி. அண்ணன் சேட்டு வண்டி ஓட்டிய காலத்தில் கிளீனராக இருந்து தொழில் படித்தவன். ஒரு நாள் காலையில், "அண்ணே, நான் தனியா தந்தா பண்ணலாம்னு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு உல்லாஸ்நகருக்குப் போய்ப் பழைய இன்ஜின் வியாபாரம் ஆரம்பித்தவன். திருடவில்லை, ஏமாற்றவில்லை. கேட்காமல் முடிவெடுத்தான், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக அண்ணனால் அதைச் செரிக்க முடியவில்லை.

"அதே இன்ஜின் இருக்காம்," என்றாள் மாரீஸ்வரி. "வந்து பாக்கச் சொல்லுதாரு. வீம்பு புடிக்காம வாங்க."

வேறு வழியில்லாமல் அவளோடு லோக்கல் ரயில் ஏறினார்.

நாகராஜ் அண்ணனைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் மனைவி பிரேமலதா டீ கொண்டுவந்தாள். இன்ஜின் ஒரு இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. பெயின்ட் கிடையாது, பளபளப்பு கிடையாது. தலையில் மஞ்சள் மையில் "நா" என்று மட்டும் எழுதியிருந்தது, அது அவன் கடை அடையாளம். இசக்கிப்பாண்டி அட்டையை வைத்தார். எல்லா ஓட்டைகளும் உட்கார்ந்தன. நாகராஜ் பேட்டரியைக் கொடுத்து, டீசல் டப்பாவில் குழாயைப் போட்டான். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஓடும்போதே எண்ணெய் மூடியைத் திறந்து காட்டினான். புகை இல்லை.

"ஒரே ஒரு குறை இருக்குண்ணே," என்றான். "முன்னால உள்ள எண்ணெய் சீல் இந்த மாடலுக்கு இப்ப கெடைக்கல. நிறுத்தி வச்சா ஒரு நாளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விழும். ரெண்டு விழாது. அதச் சொல்லித்தான் குடுப்பேன்."

அங்கேதான் இசக்கிப்பாண்டியின் புத்தி கோணிக்கொண்டது. குறையைத் தானாகச் சொல்கிறவன், அதைவிடப் பெரிய குறையை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பையிலிருந்து சூட டப்பாவை எடுத்து ஒரு கட்டியை இன்ஜின் பக்கத்தில் பலகையின் மேல் வைத்தார்.

"அடி," என்றார்.

நாகராஜின் முகம் செத்துவிட்டது. பட்டறையில் இரண்டு மராத்திக்காரப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிரேமலதா டீத் தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஓட்டிக் காட்டிட்டேன். குறையச் சொல்லிட்டேன். இதுக்கு மேல சூடமாண்ணே?"

"ஆமா."

"கூடப் பொறந்தவன்ட்டயா?"

"கூடப் பொறந்தவன்ட்டதான் மொதல்ல கேக்கணும்."

"இரும்புண்ணே இது. நாளைக்கு எங்க விரியும்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சத சொல்லிட்டேன். தெரியாததுக்கு அம்மன் மேல சத்தியம் பண்ண மாட்டேன்."

"பாத்தியாட்டி?" என்று மாரீஸ்வரியின் பக்கம் திரும்பினார். வழக்கில் ஜெயித்துவிட்ட மிதப்பு. "சரக்கு சுத்தமா இருந்தா கை ஏன் பின்வாங்குது?"

நாகராஜ் குனிந்து டீசல் குழாயை உருவினான். இன்ஜின் நின்றது. அண்ணனை மட்டும் பார்த்து, "போயிட்டு வாங்க," என்றான். பிறந்ததிலிருந்து அண்ணனை "நீ" என்று கூப்பிட்டவன் அன்றைக்குத்தான் முதல்முதலாக "வாங்க" போட்டான்.

ரயிலில் மாரீஸ்வரி, "அவரு பேச்ச நம்பல. ஒரு ரூவா சூடத்த நம்புதிய," என்றாள். "ஒங்களுக்கு இன்ஜின் பாக்கத் தெரியல. மனுசன் பாக்கவும் தெரியல." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளே ஆள் கிடைத்தான். சுடலைக்கண்ணு. குர்லாவில் கடை, தாராவியில் வீடு, அம்மன் கொடை விழாக் கமிட்டியில் பொருளாளர். நெற்றி நிறையத் திருநீறு. அவன் கடையில் ஓர் இன்ஜின் டயர் மேல் உட்கார்ந்திருந்தது. மேலெல்லாம் வெள்ளி பெயின்ட், கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு கெட்டது. ஓட்டிக் காட்டப் பேட்டரி இல்லையாம். அட்டையை வைத்தால் மேலே ஓர் ஓட்டை அரை விரல் தள்ளி நின்றது. "அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ராவுனா சரியாப் போவும்," என்றான். இசக்கிப்பாண்டி பைக்குள் கையை விடுவதற்குள், சாமி படத்துக்கு முன்னால் இருந்த சூடத்தை அவனே எடுத்துக் கொளுத்தினான். ஓங்கி ஓர் அடி. "இசக்கியம்மன் மேல ஆணை. இதுல ஒரு குறை இருந்தா என் கை அழுகிப் போவட்டும்."

இசக்கிப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன் என்றால் இவனல்லவா மனுஷன்! இரண்டு வருஷம் கட்டிய சீட்டுப் பணத்தை எடுத்து அங்கேயே கொடுத்தார்.

சுரேந்திரன் அந்த இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஓட்டிப் பாத்தியளா?"

"சூடம் அடிச்சிருக்கான்."

"சூடம் அடிச்சா கம்ப்ரஷன் ஏறிருமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தான். ஓட்டையை ராவி, எப்படியோ உட்கார வைத்தான். வண்டியும் கிளம்பியது. பொங்கலன்று மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தாராவியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மாரீஸ்வரியைப் பார்த்து, "என்ன சொன்ன?" என்று வேறு கேட்டார். வேண்டாத வேலை.

தை இரண்டு. வெயில் ஏறுவதற்குள் மாதுங்காவில் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு பாண்டுப்புக்குப் புறப்பட்டார். விக்ரோலி தாண்டியதும் அடியில் யாரோ சுத்தியால் தட்டுவதுபோல் கேட்டது. நாலாவது தட்டில் இன்ஜினின் பக்கவாட்டைப் பிய்த்துக்கொண்டு ஒரு இரும்புக் கம்பி வெளியே வந்தது. ரோடெல்லாம் கறுப்பு எண்ணெய். குனிந்து பார்த்தார். வெள்ளி பெயின்டுக்கு அடியில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, மாவு மாதிரி பூச்சு. உடைந்த பிளாக்கைப் பசையால் ஒட்டிப் பெயின்ட் அடித்திருந்தான் பாவி.

சாம்பாரும் பாயசமும் மூன்று டெம்போக்களில் ஏறி இறங்கி, மண்டபம் போய்ச் சேர மணி இரண்டாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பசியோடு பாதிப்பேர் போய்விட்டார்கள். வைத்தீஸ்வரன் திட்டவில்லை. "சரி, நீ போ," என்று மட்டும் சொன்னார். பதினோரு வருஷம் அந்த மூன்று வார்த்தையில் முடிந்தது.

அன்று சாயங்காலமே சுடலைக்கண்ணுவின் கடைக்குப் போய் நின்றார். உடைந்த பூச்சுத் துண்டை மேஜையில் வைத்தார். "சூடம் அடிச்சீரே வே?"

"அடிச்சேன். யாரு இல்லன்னா?" அவன் வாயிலிருந்து பீடியைக்கூட எடுக்கவில்லை. "நான் பொய் சொல்லியிருந்தா அம்மன் என்னயக் கேப்பா. நீரு யாரு வே கேக்க?"

இசக்கிப்பாண்டி பூச்சுத் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சூடம் அடித்தபிறகு கேள்வி கிடையாது என்று முப்பது வருஷமாகச் சொல்லி வந்தவர் அவர்தானே. மாசி கடைசியில், வெட்கத்தை விட்டு மாரீஸ்வரியை உல்லாஸ்நகருக்குப் போன் போடச் சொன்னார். "அந்த இன்ஜின ஒரு வண்டியில மாட்டி வித்தாச்சுக்கா," என்றாள் பிரேமலதா. அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

சரி, அம்மனாவது கேட்பாள் என்று காத்திருந்தார். சித்திரைக் கொடையில் சுடலைக்கண்ணுதான் தீச்சட்டி எடுத்தான். மேளம் முழங்க, நெருப்பு எழும்ப, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெரு முழுக்க ஆடினான். இசக்கிப்பாண்டி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், சட்டி இறக்கியதும் அந்தக் கைகளைத்தான் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை. பெண்கள் அந்தக் கையாலேயே திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார்கள். மாரீஸ்வரியும் வாங்கினாள். அவர் பக்கம் திரும்பி, "பூசிக்கிடுங்க," என்றாள். அவள் வேண்டுமென்றேதான் சொன்னாள்.

மறுவாரம் வண்டியைப் பங்காருக்குத் தள்ளிவிட்டார். நெற்றிப் பலகையை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார்.

வைகாசியில் வைத்தீஸ்வரன் கூப்பிட்டு அனுப்பினார். மாதுங்கா சமையற்கூட வாசலில் அதே மாடல் பிக்கப் நின்றது, வேறு நிறம்.

"வாடகை வண்டியை நம்பிப் பட்டது போரும்னு சொந்தமா வாங்கிட்டேன், பாண்டி," என்றார். "நோக்கு இந்த வண்டி அத்துப்படி. மாசச் சம்பளம் தரேன். ஓட்டறயா?"

இசக்கிப்பாண்டி பானெட்டைத் தூக்கினார். இன்ஜின் தலையில் மஞ்சள் மையில் "நா".

"உல்லாஸ்நகர்ல நாகராஜ்னு ஒருத்தன் வித்தான். ரொம்ப யோக்கியன். ஒரு நாளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகும்னு அவனே சொல்லித்தான் கொடுத்தான். பேச்சைப் பார்த்தா ஒங்க ஊர்ப்பக்கம் மாதிரி இருந்தது. நோக்குத் தெரியுமோ?"

"தெரியாது சாமி," என்றார் இசக்கிப்பாண்டி. பானெட்டை மூடினார். சாவியை வாங்கிக்கொண்டார்.

இப்போது சமையற்கூடத்துப் பையன்கள் "ஏ டிரைவர், காடி லாவ்" என்று கத்தினால் கொண்டுபோய் நிறுத்துகிறார். முதல் சுற்றிலேயே வண்டி பிடித்துக்கொள்கிறது. சயான் பாலத்தில் ஒரு முக்கல் கிடையாது. சாயங்காலம் வண்டியை விட்டதும், வீட்டிலிருந்து கொண்டுவந்த அந்தப் பழைய ஓட்டை அட்டையை, ஓட்டையில்லாத இடம் சொட்டுக்கு நேரே வரும்படி, இன்ஜினுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறார். காலையில் யாரும் வருவதற்கு முன்னால் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அட்டையை உருவிப் பார்க்கிறார். இரண்டாவது சொட்டு விழுந்திருக்காதா என்று அவருக்கு அப்படி ஓர் ஏக்கம். விழுந்திருந்தால் நேரே உல்லாஸ்நகர் போய், "பாத்தியால, நீயும் பொய்தான் சொன்ன," என்று தம்பியோடு பேச ஆரம்பித்துவிடலாம்.

வைகாசி முடிந்து ஆனியும் பாதி போய்விட்டது. ஒரு நாள்கூட இரண்டாவது சொட்டு விழவில்லை.