எழில்மதிக்கு வாந்தி வராது

டிராக்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எழில்மதியின் வாயிலிருந்து வெள்ளையாகப் பால் வடிந்தது. மடியில் தோலோடு கடித்த மரவள்ளிக்கிழங்கு.

அம்சவள்ளி ஓடிப்போய் மகளின் வாய்க்குள் விரலை விட்டு மிச்சத்தைத் தோண்டி எடுத்தாள். முக்கால் கிழங்கு உள்ளே போயிருந்தது.

"யாரு குடுத்தது?"

"நான் வெந்த கிழங்குதான் ஒரு துண்டு குடுத்தேன்" என்றாள் கூட வேலை செய்யும் பெரியம்மாள். "பசிக்குதுன்னு கால புடிச்சிக்கினு அழுவுது. நீ கல்லு மாதிரி இருந்தா நானும் இருக்கணுமா? இது குவியல்ல இருந்து தானா எடுத்திருக்குது."

ஆறு வயது எழில்மதிக்குப் பிறவியிலேயே பிராடர்-வில்லி என்ற அபூர்வமான மரபணுக் குறைபாடு. சாப்பிட்டு முடித்ததும் "போதும்" என்று நமக்குச் சொல்வது மூளையின் ஒரு சின்னப் பகுதி. அவளுக்கு அது சொல்வதே இல்லை. வயிறு முட்ட நிறைந்தாலும் பசி குறையாது. அதனால் அம்சவள்ளி அடுப்படியைப் பூட்டி வைத்து, அளந்துதான் சோறு போடுவாள். ஊர் அதைக் கஞ்சத்தனம் என்றது.

அன்று கல்வராயன் மலையடிவாரத்தில் பிடுங்கிக் குவித்தது ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கசப்பு ரகம். அதைப் பச்சையாக மென்றால், கிழங்குக்குள் தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்று சேர்ந்து சயனைடு உண்டாகும். மற்ற பிள்ளைகள் கசப்புத் தாங்காமல் துப்பிவிடும். எழில்மதியின் பசி துப்ப விடவில்லை.

"தண்ணி குடுத்துப் படுக்க வைம்மா" என்றார் டிராக்டர் ஓட்டும் கண்ணாயிரம். "வெசம் ஏறியிருந்தா இந்நேரம் வாந்தி எடுத்திருக்கும். எடுக்கல பாரு."

கிழங்குக் காட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. கசப்புக் கிழங்கு தின்ற பிள்ளை கக்கும், கக்கினால் தெளிந்துவிடும், கக்காவிட்டால் பயமில்லை.

கணவன் தமிழரசனும் தலையாட்டினான். "கொஞ்ச நேரம் பாப்போம் வள்ளி. வாந்தி வந்தா தூக்கிக்கினு ஓடலாம்."

"இவளுக்கு வாந்தி வராதுங்க!"

அம்சவள்ளி கூவிவிட்டாள். கெட்டது உள்ளே போனால் வெளியே தள்ளும் வேலையும் இந்தக் குறைபாட்டில் மந்தமாகிவிடும். பெரிய டாக்டர் அதை இருவரிடமும் விளக்கியிருந்தார். அவள் மறக்கவில்லை.

"வண்டிய எடுங்க. நீங்க எடுக்கலன்னா நான் தூக்கிக்கினு நடந்தே போறேன்."

தமிழரசன் மகளைப் பார்த்தான். அவள் நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. ஓடிப்போய் வரப்போரம் நின்ற பைக்கைக் கிளப்பினான்.

கள்ளக்குறிச்சி சாலையில் கரும்பு லாரிகள் வழியை அடைத்து ஊர்ந்தன. அவன் பைக்கைச் சாலையோர மண்ணில் இறக்கி ஏற்றி ஓட்டினான். பின்னால் அம்சவள்ளி மகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். "தூங்காத கண்ணு. அம்மாவப் பாரு." சயனைடு எடுத்த எடுப்பில் மூச்சை நிறுத்துவதில்லை. இழுத்த காற்றை உடம்பு பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். அதனால்தான் பிள்ளை இத்தனை வேகமாக மூச்சு வாங்கியும் தலை தொங்கிக்கொண்டே போனது.

மருத்துவமனை வாசலிலேயே சொன்னாள். "பச்சைக் கசப்புக் கிழங்கு சாப்ட்டுட்டா. பிராடர்-வில்லி இருக்குற புள்ள இது. வாந்தி வராது."

பணியில் இருந்த டாக்டர் ஷாலினி ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை. பிராணவாயு வைத்தார், நரம்பில் மருந்து ஏற்றினார், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். குழாயில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் வந்தன. அம்சவள்ளி அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெயில் தாழ்ந்தபோது மூச்சு நிதானத்துக்கு வந்தது. எழில்மதி கண் திறந்து, கையில் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிய்க்கப் பார்த்தாள்.

"ராத்திரி இங்கயே இருக்கட்டும்" என்றார் டாக்டர். "ஆனா பொழைச்சிட்டா."

வார்டு வாசலில் பெரியம்மாள் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு ரொட்டி பாக்கெட்டும் கையுமாக.

"நான் வேணும்னு செய்யல வள்ளி..."

"தெரியும்க்கா." அம்சவள்ளி எழுந்துபோய்க் கதவை மறைத்து நின்றாள். "அத மட்டும் உள்ள எடுத்தாராத. அவரு புள்ளகிட்ட இருக்காரு. வா, வெளிய போயி நாம தின்னுட்டு வருவோம். காலைலேர்ந்து நான் ஒண்ணும் சாப்டல."