நானூற்றைம்பது சிசி ஞாயிற்றுக்கிழமைகள்

செருப்புக் கடையில் அவரைப் போலக் கறாரான ஆளைப் பார்க்க முடியாது. வாடிக்கையாளர் காலை நீட்டியதுமே அளவைச் சொல்லிவிடுவார். "கொஞ்சம் பெரிசாவே குடுங்க, போகப் போகச் சரியாயிடும்" என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு. "செருப்பு பெரிசா இருந்தா கால் வளராதுங்க, குதிகால்தான் புண்ணாகும்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு, சரியான ஜோடியை எடுத்துவந்து தானே குனிந்து மாட்டிவிடுவார். இப்பேர்ப்பட்ட மனுஷன், தனக்கென்று ஒன்று வாங்கப் போனபோது, உடம்புக்கும் பொருந்தாத, ஓட்டப் போகிற பாதைக்கும் பொருந்தாத நானூற்றைம்பது சிசி மோட்டோகிராஸ் பைக்கோடு வந்து நின்றார். என்னத்தைச் சொல்ல.

பைக் ஆசையெல்லாம் அவருக்கு இருந்ததே இல்லை. ஒரே மகள் படிப்புக்காக வெளியூர் போய் விடுதியில் சேர்ந்தாள். அதோடு வீடு அடங்கிப்போனது. அவரும் மனைவியும் சண்டைக்காரர்கள் இல்லை. சண்டை போடுவதற்காவது பேச்சு வேண்டுமே. "கேட்டைப் பூட்டியாச்சா?" "பால் இருக்கா?" "லைட்டை அணைச்சிடுங்க." இவ்வளவுதான். மகள் இருந்தவரை அவளைப் பற்றிப் பேசினார்கள், அவளைச் சாக்கு வைத்து ஒருவரையொருவர் குத்திக்காட்டினார்கள், அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். அவள் போன பிறகுதான் தங்களுக்கென்று பேச எதையும் மிச்சம் வைக்கவில்லை என்பது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அந்த ஒரு நாளை நினைத்து, சனிக்கிழமை ராத்திரி கடையைச் சாத்தவே மனமில்லாமல் நேரத்தைக் கடத்துவார்.

கடைக்கு விளக்கு மாட்ட வந்த எலக்ட்ரீஷியன்தான் வழி காட்டினான். "ஞாயித்துக்கிழமையானா நாங்க நாலஞ்சு பேர் காட்டுப் பாதையில பைக் ஓட்டப் போவோம் சார். நீங்களும் வாங்களேன். வீட்டுல உக்காந்து சுவத்தையா பாத்துக்கிட்டு இருக்கப் போறீங்க?" சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

பைக் விற்கும் மெக்கானிக் நாணயமான ஆள். எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "எங்க ஓட்டப் போறீங்க? ரேஸ் ட்ராக்கா, காடா?"

"காடுதான்."

"அப்ப இருநூத்தம்பதே தாராளம். உங்க உயரத்துக்கு நூத்தம்பது டூ ஸ்ட்ரோக் இன்னும் நல்லது. லேசா இருக்கும், விழுந்தா நீங்களே தூக்கி நிறுத்திக்கலாம். காட்டுல வேகத்துக்கு வேலையே இல்ல சார். வேர் மேலயும் கல்லு மேலயும் பாத்துப் பாத்து ஊர்ந்து போகணும். அதோ நிக்குதே நானூத்தம்பது, அது ட்ராக்ல பறக்கறதுக்குன்னே செஞ்சது. மெதுவா ஓட்டினா நின்னுடும். நிக்காம இருக்க க்ளட்ச்சைப் பிடிச்சுப் பிடிச்சு ஓட்டினா எஞ்சின் கொதிச்சிடும்."

அத்தனையும் காது கொடுத்துக் கேட்டார். தலையைத் தலையை ஆட்டினார். பிறகு, சும்மா பார்ப்போமே என்று அந்த நானூற்றைம்பதின் மேல் ஏறி உட்கார்ந்தார். கால் நுனி விரல்தான் தரையில் பட்டது. ஆனால் காலமெல்லாம் அடுத்தவர் காலடியில் குனிந்தே கிடந்த ஆளுக்கு அங்கிருந்து மெக்கானிக்கின் வழுக்கை உச்சி தெரிந்தது. அதோடு விஷயம் முடிந்தது.

"இதையே எடுத்துக்கறேன்."

"யோசிச்சுக்குங்க சார்."

"யோசிச்சாச்சு."

முதல் ஞாயிற்றுக்கிழமை கடையின் சரக்கு வேனில் பைக்கை ஏற்றிக்கொண்டு போனார். மற்றவர்கள் எல்லாரிடமும் இருநூற்றைம்பதும் அதற்குக் கீழும்தான். இவருடையதைப் பார்த்துக் கண்ணை விரித்தார்கள். அங்கேயே அவருக்கு "நானூத்தம்பது" என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். கொஞ்ச நேரம் மனம் குளிர்ந்துபோயிருந்தார். பிறகு ஏற்றம் வந்தது. பாதையின் குறுக்கே வேர்கள் படிக்கட்டு மாதிரி ஏறிப் போயின. ஆக்சிலேட்டரைத் தொட்டால் பைக் பாய்ந்தது, விட்டால் அணைந்தது. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தது. ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பியது. கடைசியில் பைக் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகச் சரிந்தபோது மூன்று பேர் இறங்கிவந்துதான் தூக்க வேண்டியிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எஞ்சினை அணைத்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் தட்டுத்தடுமாறி வந்து சேரும்போது பேச்சை நிறுத்திவிட்டு, "பரவாயில்ல சார், மெதுவா வாங்க" என்றார்கள். அந்தப் "பரவாயில்ல" அவரை மென்று தின்றது. அடுத்த வாரம் வீட்டில் வேலை என்றார். அதற்கடுத்த வாரம் முதுகுவலி. பிறகு அவர்களும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

ஆனால் வீட்டில் இதைச் சொல்லவில்லை. அங்கேதான் அவருக்குப் பிடித்தது சனி.

அந்த முதல் நாள் சாயங்காலம் சேறும் சகதியுமாக வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து மனைவி, "என்னங்க இது கோலம்!" என்று சிரித்துவிட்டாள். டீ போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். விழுந்தேன், மூன்று பேர் தூக்கினார்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காட்டைச் சொன்னார், ஏற்றத்தைச் சொன்னார், அதில் தான் ஏறியதாகவே சொன்னார். "ஐயையோ, அப்புறம்?" என்றாள். எத்தனை மாதம் கழித்து அவர் காதில் விழுந்த "அப்புறம்" அது! டீ ஆறிப்போனது, இருவரும் எழுந்திருக்கவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளம்பினார். அவள் கட்டிக்கொடுத்த முட்டை ரொட்டியோடு ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரிக்கு வேனை ஓட்டிப் போவார். மோட்டோகிராஸ் பைக்குக்கு ஸ்டாண்டு கிடையாது என்பதால் இறக்கி ஒரு பாறையில் சாய்த்துவைப்பார். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிடுவார். அந்தச் சத்தம் குவாரியின் நாலு பக்கமும் மோதித் திரும்பி வரும். அணைத்துவிட்டால் அதுவும் இல்லை. வேனின் பின்கதவில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்பார். நிழல் நகர நகர அவரும் நகர்ந்து உட்காருவார். யாராவது வந்துவிடுவார்களோ என்று பயம். ஒருத்தரும் வரவில்லையே என்று ஏக்கம். பொழுது சாய்ந்ததும் குட்டையில் இறங்கிச் சேற்றை அள்ளி பேண்ட்டிலும் சட்டையிலும் பூசிக்கொள்வார். கோடையில் குட்டை வற்றியபோது கேனில் தண்ணீர் கொண்டுபோய் மண்ணைக் குழைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய் கூசாமல் கதையும் வளர்ந்தது. ஒரு வாரம் மான் குறுக்கே ஓடியது. ஒரு வாரம் எலக்ட்ரீஷியன் ஓடையில் விழ, இவர்தான் தூக்கிவிட்டார். அவள் மோவாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

பைக்கை மாற்றிவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. இருநூற்றைம்பதை எடுத்துக்கொண்டு, ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, அந்தக் கூட்டத்தோடு நிஜமாகவே போகலாம். ஒருநாள் அதற்காகவே வண்டியை ஏற்றிக்கொண்டு மெக்கானிக் கடை வாசல்வரை போனார். உட்கார்ந்தபடியே திரும்பிப் பைக்கின் பின் டயரைப் பார்த்தார். புது டயரில் இருக்கும் ரப்பர் முடி பாதிகூட உதிரவில்லை. இதை மெக்கானிக் பார்த்தால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லுவார், ஊர் சின்னது, விஷயம் வீட்டுக்கு வந்துவிடும். வீட்டுக்கு வந்தால் அந்தச் சாயங்காலம் போய்விடும். வாரம் முழுக்க அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். வேனை விட்டு இறங்காமலே திரும்பினார்.

அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல வந்து உட்கார்ந்து, பாதையில் மரம் விழுந்து கிடந்த கதையை ஆரம்பித்தார். மனைவி டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"காலையில ஹீட்டர் ரிப்பேருக்கு அந்த எலக்ட்ரீஷியன் வந்திருந்தார்" என்றாள்.

"அவன்... இன்னிக்கு வரல. அதான் நாங்க மட்டும்..."

"சாரைப் பாத்தே ரொம்ப நாளாச்சு, சௌக்கியமான்னு கேட்டார்."

பூசி மெழுக ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். மானம் போகிற நேரத்தில் மனுஷனுக்குக் கையை எங்கே வைப்பது என்றுதான் முதலில் தெரியாமல் போகிறது. டம்ளரைப் பிடித்தார், விட்டார்.

"அவர் சொல்லித்தான் தெரியணுமா? எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். "துணி துவைக்கிறவ நான். தெறிச்ச சேறு எது, தடவின சேறு எதுன்னு தெரியாதா? பேண்ட்ல உங்க நாலு விரலும் அப்படியே இருக்கும்."

"எப்பவோன்னா?"

"ரெண்டாவது வாரத்துலயே."

அவமானத்தில் காது சூடேறியது. அதற்கு மேல் கோபமும் வந்தது. இத்தனை நாள் மோவாயில் கை வைத்து உட்கார்ந்து தன்னை வேடிக்கையா பார்த்தாள்? "தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது.

அவள் மேஜையில் விழுந்திருந்த காய்ந்த மண்ணை விரலால் ஒதுக்கினாள்.

"கேட்டா நீங்க நிறுத்திடுவீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமையும் மத்த நாள் மாதிரி ஆயிடும். நான் இந்த அறையில, நீங்க அந்த அறையில. பாப்பா போனதுக்கப்புறம் நீங்க என் முகத்தைப் பாத்துப் பேசினது இந்தப் பொய்யைத்தான். பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன்." ஒதுக்கிய மண்ணை மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள். "ஆனா நீங்க ஒத்தையா எங்கயோ உக்காந்துட்டு வர்றீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு, ஒவ்வொரு வாரமும் ரொட்டி கட்டிக் குடுக்க எனக்கு மனசு கேக்கல. அந்த வண்டியை மாத்துங்க. சின்னதா எடுங்க. அவங்களோட போங்க."

அவர் தலை குனிந்துகொண்டார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெளியே யாரோ கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எங்கதான் போவீங்க?"

"கல்குவாரிக்கு."

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்குமா? அங்க தனியா உக்காந்து என்னதான் பண்ணுவீங்க?"

டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"உன்கிட்ட சாயங்காலம் என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருப்பேன்" என்றார்.