கருக வறுத்த காப்பி

பெண் கேட்டு வந்தவர்களை விரட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி காப்பியைக் கருக்குவதுதான்.

எங்கள் யிர்காசெஃபே மலைக் காப்பிக்கொட்டையைப் பக்குவமாக வறுத்தால் வாயில் மல்லிகை மணக்கும், கடைசியில் எலுமிச்சை எட்டிப் பார்க்கும். எந்தச் சரிவில் விளைந்தது என்றுகூட ஒரு மடக்கில் சொல்லிவிடுவேன். அதற்காகவே கூட்டுறவுச் சங்கத்தில் சுவை பார்க்கும் வேலைக்கு என்னை எடுத்திருந்தார்கள். அறுவடை தொடங்கியதும் சேர வேண்டும். அதற்குள் அடிஸ் அபாபாவிலிருந்து பெரியவர் லெமேசா, தன் அண்ணன் மகனுக்கு என்னைக் கேட்டு இரண்டு கிழவர்களோடு வந்து இறங்கிவிட்டார். பையன் கடை வைத்திருக்கிறானாம். என்ன கடை என்று நான் கேட்கவில்லை, எதுவானால் எனக்கென்ன? அவர்களாக வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தரையில் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, அவர்கள் எதிரே அடுப்பருகில் உட்கார்ந்தேன். எங்கள் வழக்கத்தில் காப்பி மூன்று சுற்று, மூன்றாவதில் ஆசீர்வாதம்; பெண் கேட்டு வந்தவர்கள் ஆசி சொல்லிவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அதற்கு முன் விருந்தாளி எழுந்தால் அவமரியாதை. ஊற்றுகிறவள் எழுந்தால் கேட்கவே வேண்டாம்.

கொட்டை படபடவென்று வெடித்தது. அப்போதே இறக்கியிருக்க வேண்டும். மறுபடி வெடித்து, எண்ணெய் கசிந்து, கரியாகும்வரை கிளறினேன். மல்லிகையும் போயிற்று, எலுமிச்சையும் போயிற்று. இனி அது எந்த மலையில் விளைந்திருந்தாலும் ஒரே கசப்புதான். வழக்கப்படி சட்டியை ஒவ்வொருவர் மூக்கருகிலும் நீட்டினேன். கிழவர்கள் இருமினார்கள். எனக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை.

இடித்துத் தூளாக்கி, கொதிக்கவைத்து ஊற்றினேன். லெமேசா முதல் கோப்பையை ஒரே மூச்சில் காலி செய்தார்.

"இதாம்மா காப்பி. உங்க ஊர்ல பழச்சாறு மாதிரி எதையாச்சும் குடுப்பீங்களோன்னு பயந்துட்டே வந்தேன். நம்ம பையன் காப்பிக் கடையில எவ்வளவு பால் ஊத்தினாலும் கசப்பு நிக்கணும். அவன் தேடின கை இதுதான்."

என் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. இரண்டாம் சுற்றிலும் அதே தூள்தான், மாற்ற வழியில்லை. ஊற்றிக் கொடுத்தேன். இப்போது வாயைத் திறக்காவிட்டால் அடுத்தது ஆசீர்வாதம்.

"இன்னிக்கு தீஞ்சுபோச்சு, பெரியவரே," என்றேன். "நான் எப்பவும் இப்படி வறுக்க மாட்டேன்."

லெமேசா அப்பாவைப் பார்த்தார். ஒரு கொட்டை தீய்ந்தாலும் மொத்தக் காப்பியையும் வாசலில் கொட்டுகிற மனிதர் அப்பா. நான் வேண்டுமென்றே செய்தது புகையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். காப்பாற்றுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் கோப்பையை மண்டிவரை குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"வெக்கப்படுறா," என்றார் லெமேசாவிடம். "எங்க வீட்ல தினமும் இப்படித்தான் வறுப்பா. ஊத்து, பிர்க்கே."

ஊற்றினேன். கிழவர்கள் ஆசி சொல்லக் கையைத் தூக்கினார்கள்.